ஒரே பாடல், இரண்டு மேடைகள்

பிங்க் ஃபுளொய்ட் என்ற ஆங்கிலேய ரொக் இசைக்குழுவை நான் கேட்கத் தொடங்கியது பல்கலைக்கழகக் காலத்தில். பாடல்களைப் போலவே அந்தக் குழு உடைந்த கதையும் என்னை ஈர்த்தது. பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதிய ரொஜர் வோட்டர்ஸ் 1985இல் விலகினார். கிற்றார் கலைஞர் டேவிட் கில்மோர் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். பிறகு இருவரும் பழைய பாடல்களைத் தத்தம் தனி மேடைகளிலும் பாடினார்கள். அந்தக் கச்சேரிகளின் காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்தால், ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்பது தெரியும்.

வோட்டர்ஸின் மேடை கதை சொல்லும் மேடை. 1979இல் வெளிவந்த 'த வோல்' இசைத்தொகுப்பை 2010 முதல் 2013 வரை உலகம் முழுவதும் கொண்டு சென்றார். முதற்பாதியில் மேடைக்குக் குறுக்கே கல் கல்லாக ஒரு மதில் எழும்பும். இறுதியில் அது இடிந்து விழும். அவருடைய தந்தை 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் கொல்லப்பட்டபோது வோட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தை. தந்தைக்குக் கல்லறை இல்லை. கசினோ நினைவிடத்தில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பயணத்துக்காக, போரில் உறவுகளை இழந்தவர்களிடம் அவர் படங்களைக் கேட்டார். படையினர், பொதுமக்கள் என்ற பிரிவில்லாமல் அந்த முகங்கள் பெயர்களோடு மதிலில் ஒளிர்ந்தன.

கில்மோரின் மேடையில் பேச்சுக் குறைவு. வட்டத்திரை, ஒளி, நீண்டு செல்லும் கிற்றார் இசை, அவ்வளவுதான். ஆனால் இடங்களைத் தெரிந்தெடுப்பதில் அவருக்கும் அர்த்தம் உண்டு. 2006 ஓகஸ்ட் 26ஆம் திகதி, போலந்துத் தொழிலாளர் இயக்கமான 'சொலிடாரிட்டி' பிறந்த க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வாசித்தார். 1971இல் பார்வையாளர் இல்லாமல் குழு படம்பிடித்த பொம்பேயி அரங்கில், 2016இல் மக்கள் முன் வாசித்தார்.

இருவரையும் ஒப்பிட 'கம்ஃபர்டப்ளி நம்' என்ற ஒரு பாடல் போதும். வரிகள் வோட்டர்ஸுடையவை, இசை பெரும்பாலும் கில்மோருடையது. வோட்டர்ஸின் கச்சேரியில் கில்மோரின் கிற்றாரை வேறொருவர் வாசிப்பார். 2022 பயணத்தில் அந்தக் கிற்றார்த் தனியிசையையே வோட்டர்ஸ் எடுத்துவிட்டார். கில்மோரின் கச்சேரியில் வோட்டர்ஸின் வரிகளை வேறொருவர் பாடுவார். க்டான்ஸ்கில் பாடியவர் குழுவின் பழைய உறுப்பினர் ரிக் ரைட். வோட்டர்ஸிடம் அந்தப் பாடலின் கதை எனக்கு விளங்குகிறது. கில்மோரிடம் அதன் வலி கேட்கிறது. 2011 மே 12ஆம் திகதி இலண்டனில் கில்மோர் வந்து மதிலின் உச்சியில் நின்று வாசித்தபோது, இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தன.

ஒன்றைத்தான் பார்க்க நேரமிருந்தால், இசைக்காக மட்டும் என்றால் கில்மோரின் பொம்பேயிக் கச்சேரியைச் சொல்வேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வோட்டர்ஸின் மதிலைத்தான். கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில் அம்மாக்கள் மடியில் வைத்திருக்கும் படங்களைப் பார்த்தவள் நான். படத்தோடு பெயரும் இருக்கவேண்டும் என்பதில் அவர்கள் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுபது வயதை நெருங்கிய ஒரு மகன், முகம் நினைவில்லாத தகப்பனின் படத்தை ஆயிரக்கணக்கானோர் முன் வைப்பதை அதனால்தான் என்னால் வெறும் மேடைக் காட்சியாகப் பார்க்க முடியவில்லை.