ஜாமீன் போட்ட கை

எங்க தெருத் தம்பி ஒருத்தர் பைக் கடன் கேட்டுப் போனார். "சிபில் அடிபட்டிருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் பேரில் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது. மாமாவோட டிராக்டர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். மாமா தவணை தவறினது இவர் கணக்கிலும் ஏறிடுச்சு. "அந்தக் காலத்துல இப்படியெல்லாம் உண்டாண்ணே?"ன்னு கேட்டார்.

ஜாமீன் உண்டு. ஆனா ஊரே ஜாமீன்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்க. ராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்கு விட்டிருக்காங்க. ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. நம்ம கணக்கில் பன்னிரண்டரை வட்டி. சில ஊர்கள் வட்டியை நெல்லாகவே அளந்தன. பொறுப்பு ஏத்துக்கிட்டது தனி ஆள் இல்லை, சபை.

ரொம்ப காலம் கழிச்சு வெள்ளைக்காரனும் இதே இடத்துக்குத்தான் வந்தான். சென்னை மாகாணத்து அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் விவசாயக் கடன் பற்றி ரெண்டு பாகமா அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் நடத்திய கிராமச் சங்கங்கள்தான் அவர் காட்டிய வழி: ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பில்லாப் பொறுப்புன்னு அதில் வெச்சாங்க. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் முதல் சங்கம் பிறந்தது. அதே வருஷம் நம்ம திருவிடைமருதூருக்குப் பக்கத்துல கும்பகோணத்தில் கும்பகோணம் பேங்க் தொடங்கினாங்க. இன்னைக்கு சிட்டி யூனியன் பேங்க்னு சொல்றோமே, அதுதான்.

ஊர் ஜாமீனில் அநியாயமும் இருந்தது, மறைக்கக் கூடாது. நாணயஸ்தன்னு யாரைச் சொல்றதுன்னு முடிவு பண்ணினவங்க நிலம் வெச்சிருந்தவங்க. குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அந்தப் பேர் சுலபமா கிடைக்கலை. அந்த வகையில் சாதி பார்க்காத ஒரு எண் வந்தது நல்லதுதான்.

அந்த எண்ணோட கதை சின்னது. சிபில் 2000-இல் தொடங்கினது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. தவணையை நாளுக்குக் கட்டினீங்களா, கார்டு வரம்பில் எவ்வளவு இழுத்தீங்க, கடன் எத்தனை வருஷம் பழசு, அடிக்கடி கடன் கேட்டு அலையுறீங்களா, இதெல்லாம் அதில் சேரும். முழுசா கட்ட முடியாம ஒரு தொகைக்குப் பேசி முடிச்சா 'முடிந்தது'ன்னு வராது, 'செட்டில்டு'ன்னுதான் வரும். அடுத்த கடன்காரர் அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்.

எங்களுக்கு வலிக்கிறது இங்கேதான். 2016-இல் மேட்டூர் செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறந்தது. மழையும் ஏமாத்தி, சம்பா கருகி, 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சின்னு அரசே அறிவிச்சது. குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு ரிசர்வ் பேங்க் விதி கொஞ்சம் இரக்கம் காட்டும்: ரெண்டு பயிர்ப் பருவம் தாண்டினாத்தான் அது வாராக்கடன்.  சங்கத்துக் கூட்டத்துல எழுந்து "தண்ணி வரலைங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். அறிக்கையில் எத்தனை நாள் தாமதம்னு மட்டும்தான் இருக்கும். 2025-இல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கணும்னு சுற்றறிக்கை வந்தப்போ விவசாயிகள் கொதிச்சது இதனாலதான்.

தம்பியை உட்கார வெச்சு அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கை இலவசம், நீங்களும் எடுத்துப் பாருங்க. மாமா பாக்கியைக் கட்டி மூணு மாசம் ஆச்சு, அது இன்னும் ஏறலை. திருத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கோம். முப்பது நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தரணும். இன்னைக்கு பத்தொன்பதாவது நாள். மாமா தினம் சாயங்காலம் வந்து "வந்துச்சா மாப்ளே?"ன்னு கேட்டுட்டுப் போறார்.