தூக்காமல் ஏற்றும் தாங்கி பிறந்த கதை

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பெருந்தெருவில் முந்தலைக் கடக்கும் சுமைகளுக்குக் கணக்கில்லை. உப்பு, தேங்காய், கருவாடு, இறால், வலை, படகு இயந்திரம் எல்லாம் லொறியிலும் பட்டா எனும் சிறு லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் போகின்றன. சைக்கிளும் அப்படித்தான் போகும். ஒருவர் கைபிடியிலும் கரியரிலும் பிடித்துத் தூக்கிக் கொடுக்க, மேலே நிற்பவர் வாங்கிப் படுக்கவைத்துக் கயிற்றால் கட்டிவிடுவார்.

மின்சைக்கிளை அப்படி ஏற்ற முடியாது. மோட்டாரும் பற்றரியும் சேர்ந்தால் சைக்கிளின் பாரம் 25 கிலோ வரும். பெரியவை 30 கிலோவையும் தொடும். காரின் பின்புறக் கொக்கியில் பூட்டும் சைக்கிள் தாங்கி இன்றைய வடிவத்துக்கு வந்ததற்கு இந்தப் பாரமே பெரிய காரணம். தோளுக்கு மேல் இருந்த சுமை முழங்காலுக்கு இறங்கி, கடைசியில் நிலத்திலிருந்தே உருண்டு ஏறத் தொடங்கிய கதை அது.

முதலில் கொக்கி வந்தது. நம் உழவு இயந்திரத்தையும் பெட்டியையும் இன்றும் ஒரு துளையும் ஓர் ஊசியும்தான் இணைக்கின்றன. மெதுவாக ஓடும் வண்டிக்கு அது போதும். வேகமாக ஓடும் காரின் பின்னால் வரும் பெட்டி பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் மேலும் கீழும் அசையவும் வேண்டும். இதற்கு விடை கண்டது ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம். 1844-இல் ஒரு கொல்லனின் பட்டறையாகத் தொடங்கி, குதிரை வண்டிகள் செய்து வளர்ந்த அந்த நிறுவனம், 1930-களில் இரும்புக் குண்டும் அதைக் கவ்வும் கிண்ணமும் கொண்ட இணைப்பைக் கொண்டுவந்தது. குண்டின் மேல் கிண்ணம் எந்தப் பக்கமும் திரும்பும். இன்று ஐரோப்பாவில் அந்தக் குண்டின் விட்டம் 50 மில்லிமீற்றர். அமெரிக்கர்கள் அதோடு ஒரு சதுரக் குழாயையும் காரின் அடிச்சட்டத்தில் பொருத்தினார்கள். பெரிய வாகனங்களில் அதன் வாய் 2 அங்குலம். அதற்குள் குண்டையும் செருகலாம், வேறு எதையும் செருகலாம். தாங்கிக்கு அங்கேதான் இடம் கிடைத்தது.

ஆனால் சைக்கிள் அந்த இடத்துக்கு நேராக வந்து சேரவில்லை. முதலில் கூரைக்குத்தான் ஏறியது. கூரைத் தாங்கிகளால் உலகமெங்கும் பெயர் பெற்ற சுவீடனின் தூலே நிறுவனத்தின் தொடக்கம் நம் கரையோர மக்களுக்குப் பிடிக்கும். அதன் நிறுவனர் எரிக் தூலின் 1942-இல் அந்தப் பெயரை முதன்முதலில் பதித்தது ஒரு மீன்பொறியில்! கார்களுக்கான தாங்கிகளை அந்த நிறுவனம் 1960-களில்தான் செய்யத் தொடங்கியது. கூரையில் சைக்கிள் ஏற்ற வேண்டுமானால் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே பூட்டவும் வேண்டும். 1967-இல் அமெரிக்காவில் டிக் அலன் காரின் டிக்கியில் பட்டிகளால் இழுத்துக் கட்டும் தாங்கியைக் கொண்டுவந்தார். சுமை நெஞ்சுயரத்துக்கு இறங்கியது. ஆனால் பாரம் முழுவதும் டிக்கியின் மெல்லிய தகட்டில் விழுந்தது.

கொக்கியில் தாங்கியைப் பூட்டியதும் பாரம் தகட்டை விட்டு அடிச்சட்டத்துக்குப் போனது. முதலில் வந்த வடிவம் ஒரு கம்பமும் இரண்டு கைகளும்தான். சைக்கிளை அதன் மேற்குழாயில் கொழுவித் தொங்கவிட வேண்டும். பெண்களுக்கான சைக்கிள்களில் அந்த மேற்குழாய் இல்லை. பாரமான சைக்கிள் தொங்கினால் ஓட்டத்தில் ஊசலாடும். அடுத்து வந்த தட்டு வடிவம் இரண்டு குறைகளையும் தீர்த்தது. இரண்டு சக்கரங்களும் தட்டில் உட்கார, ஒரு கை சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். தூக்கும் உயரம் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது.

அங்கேயே கதை முடிந்திருக்கும், மின்சைக்கிள் வராமல் இருந்தால். அதுவும் புதிதாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஓக்டன் போல்ட்டன், பின்சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895-இலேயே காப்புரிமை பெற்றார். மிதிப்பவரின் பலத்தை உணர்ந்து உதவும் வகை 1993-இல் ஜப்பானின் யமஹாவிடமிருந்து வந்தது. முழங்கால் வலி உள்ளவர், வயது போனவர், ஏற்றத்தில் மூச்சு வாங்குபவர் எல்லோரும் மறுபடி சைக்கிளில் ஏறினார்கள். ஆனால் தாங்கி அவர்களிடம் என்ன கேட்டது? மிதிக்கப் பலம் போதாமல் மின்சைக்கிள் வாங்கியவரிடம் 25 கிலோவைத் தூக்கும் பலத்தைக் கேட்டது. இந்த அநியாயத்துக்கு விடையாகப் பிறந்ததுதான் சாய்பலகை. தாங்கியோடு மடிந்து கிடக்கும் அதை விரித்து, சைக்கிளை உருட்டி ஏற்றலாம்.

கணக்கு எளிது. தட்டின் உயரம் அரை மீற்றர், பலகையின் நீளம் ஒன்றரை மீற்றர் என்றால், உராய்வைத் தவிர்த்துப் பார்க்க, 25 கிலோவைத் தூக்கும் வேலை ஏறக்குறைய 8 கிலோவைத் தள்ளும் வேலையாகிறது. பல மின்சைக்கிள்களில் மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்துக்குள் தானே உருளும் நடைத்துணையும் உண்டு. அதை அழுத்தினால் தள்ளவும் வேண்டியதில்லை. மேலே ஏற்றிய பிறகு பற்றரியைக் கழற்றிக் காருக்குள் வைக்க வேண்டும்.

அது ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பியக் கார்கள் பலவற்றின் கொக்கி செங்குத்தாகத் தாங்கும் பாரம் 75 கிலோ. 20 கிலோத் தாங்கியில் 30 கிலோச் சைக்கிள்கள் இரண்டை வைத்தால் 80 கிலோ. மூன்று கிலோப் பற்றரிகள் இரண்டையும் எடுத்தால் 74, அளவுக்குள் வந்துவிடும். பாரம் கூடிய சைக்கிளைக் காருக்கு அண்மையான தட்டில் முதலில் வைக்க வேண்டும். கொக்கியிலிருந்து தள்ளிப் போகப் போக அதே பாரம் நெம்புகோலாகி, ஒவ்வொரு பள்ளத்திலும் இணைப்பை முறுக்கும். சக்கரங்களை இறுக்கிக் கட்டிய பின் தாங்கியை ஒருமுறை உலுக்கிப் பார்க்க வேண்டும். காரும் சேர்ந்து ஆடினால் பூட்டு சரி. பின்விளக்கும் இலக்கத் தகடும் மறைந்தால் அவற்றைத் தாங்கியில் வைக்க வேண்டும்.

பாரத்தைத் தூக்காமல் உருட்டும் அறிவு நம் கரைக்குப் புதிதல்ல. முந்தலுக்கு அருகே உடப்பில், அம்பாப் பாடலோடு கரைவலை இழுக்கும் கரையில், தோணியை யாரும் தூக்குவதில்லை. கட்டைகளின் மேல் உருட்டுகிறார்கள். முந்தல் களப்போடு இணைந்த ஒல்லாந்தர் கால்வாயும் பாரத்தை நீரில் மிதக்கவிட்டு நகர்த்தும் வழிதான்.

2022-இன் பெற்றோல் வரிசைகள் நாடு முழுவதும் சைக்கிளை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தன. மின்சைக்கிளும் இந்தத் தெருவில் பெருகும். அதை ஏற்ற வெளிநாட்டுத் தாங்கியே வேண்டுமென்பதில்லை. பட்டாவின் பின்கதவுக்கு அளவான நீளச் சாய்பலகை, டயர் வழுக்காத பிடிப்பு, சக்கரம் விலகாத விளிம்பு, சக்கரங்களைக் கட்ட இரண்டு பட்டிகள் ஆகியவற்றை வெல்டிங் தெரிந்த எவரும் செய்துவிடலாம். செய்பவர் தன் கைப்பலத்தை அளவாக எடுக்கக் கூடாது. அந்தச் சைக்கிளை ஓட்டப்போகும் முதியவரையே கூப்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டும். அவரால் தனியே ஏற்ற முடிந்தால்தான் வேலை முடிந்தது.