பாதரசக் கருவின் இரு வடிவங்கள்

அணுவின் விட்டத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான அணுக்கருவை எந்த நுண்ணோக்காடியாலும் கண்முன் கொணர இயலாதெனினும், அதனைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் ஒளியை ஏற்கும்போது அக்கருவின் அளவையும் உருவத்தையும் அவ்வொளியிலேயே சூட்சுமமாகப் பதித்துவிடுகின்றன என்பது விஞ்ஞானிகளுக்கு வாய்த்த பெரும் பாக்கியம். பாதரசத்தில் இரண்டு நியூட்ரான்கள் கூடினாலும் குறைந்தாலும், நிறமாலைக் கோடு பத்து லட்சத்தில் சில பங்கு அளவே இடம்பெயர்கிறது. அதையளந்து கருவின் ஆரம் எவ்வளவு மாறிற்று என்று கணித்துவிடலாம்.

விரைவில் சிதைந்தொழியும் கதிரியக்கக் கருக்களையோ அவை பிறக்குமிடத்திலேயே சோதித்தாக வேண்டும். ஜெனீவாவை அடுத்த செர்ன் நிலையத்தில் 1967இல் இயங்கத் தொடங்கிய ஐசோல்டே கூடத்தில், புரோட்டான் கிரணம் உருகிய ஈயத்தைத் தாக்கப் பிறக்கும் பாதரச ஐசோடோப்புகளை உடனுக்குடன் பிரித்தெடுத்தார்கள். 1972இல் இயற்பியலாளர் ஓட்டனும் அவருடைய சகாக்களும் அவற்றை விளக்கொளியால் ஒரே திசையில் நெறிப்படுத்தி, சிதைவில் வெளிப்படும் பீட்டாத் துகள்கள் ஒருபுறம் மிகுவதைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஒரு நிமிஷத்துக்கும் குறைந்த அரையாயுளுடைய பாதரசம்-185இன் ஆரம் எவரும் எதிர்பாராத வண்ணம் திடீரெனப் பெருகியிருக்கக் கண்டனர். நியூட்ரான்கள் குறையக் குறையச் சுருங்கிவந்த கரு ஓரிடத்தில் விரிந்துவிட்டதென்றால், அது உருண்டை வடிவை விட்டுக் கோழிமுட்டையென நீண்டிருக்க வேண்டும்.

ஆயினும், சுழற்சியே இல்லாத இரட்டைப்படை ஐசோடோப்புகளை அம்முறையால் நெறிப்படுத்த இயலாதாகையால், பாதரசம்-184இன் நிலை தெரியாமலே இருந்தது. அக்குறையைத் தீர்த்தது லேசர். 1977இல் வெளிவந்த லேசர் அளவீட்டில் 184 ஏறக்குறைய உருண்டையாகவே காணப்பட்டது. அதாவது 185 நீண்டது, 184 உருண்டது, 183 மறுபடியும் நீண்டது! எண்பது புரோட்டான்களும் நூற்றுக்கு மேற்பட்ட நியூட்ரான்களும் கூடிய பெருந்திரளின் வடிவத்தை ஒற்றை நியூட்ரான் இவ்வாறு மாற்றவல்லதென்பதை, அணுக்கரு இயலின் விந்தைகளுள் தலையாயதென்று நான் மதிக்கிறேன்.

இவ்வூசலாட்டம் எங்கே முடிகிறதென்பதை அறிய நாற்பதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மூன்று லேசர்களால் படிப்படியாக எலெக்ட்ரானை உயர்த்திப் பாதரச அணுக்களை மட்டுமே அயனியாக்கும் உபாயத்தால், விநாடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே அரையாயுளாகக் கொண்ட 177 வரை சென்று, 181ஓடு ஆட்டம் அடங்கிச் சிறிய உருண்டை வடிவே நிலைக்கிறதென 2018இல் அறிவித்தனர். உடன் செய்யப்பட்ட ஜப்பானியப் பெருங்கணினிக் கணக்கு, புரோட்டான்கள் சில தம் கூட்டைத் தாண்டி மேற்படிக்கு ஏற, அங்குள்ள நியூட்ரான்களுடன் அவை கொள்ளும் ஈர்ப்பே அந்நீட்சிக்குக் காரணமென்று காட்டிற்று. உருண்டையும் நீட்சியும் ஆற்றலில் ஏறக்குறையச் சமமாகிவிடும் அந்நிலையில், ஒரு நியூட்ரானின் வரவே வெற்றியை ஒருபுறம் சாய்க்கிறது.