ஜீப்பின் அடித்தகடு

1941-இல் அமெரிக்கப் படையினருக்காக உருவான ஜீப் வண்டிக்கு எடை வரம்பு 2,160 இராத்தல். வில்லிஸ் நிறுவனத்தின் மாதிரி வண்டியோ 2,400 இராத்தலுக்கும் மேல். பொறியாளர் டெல்மார் ரூஸ் திருகாணிகளின் நீளத்தையும் குறைத்தார். வண்ணத்தையும் ஒரே பூச்சாக்கினார்! அத்தனை சிக்கனத்துக்குப் பின் பெருவாரியாக வெளிவந்த ஜீப்பிலும் கியர்ப் பெட்டியின் அடியில் ஓர் எஃகுத் தகடு இருந்தது. பாறை மோதிப் பெட்டி பிளந்தால் எண்ணெய் ஒழுகிவிடும். வீரர்கள் பகைவர்முன் வண்டியின்றி நிற்பார்கள். பின்புற வில்களைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகளுக்கு அக்காப்பு வாய்க்கவில்லை. அவையும் கல்லில் அடிபடுவதுண்டு. ஆகவே பிற்காலத்தில் மலைவழி செல்வோர் தாமே தகடு வளைத்து அவற்றுக்குப் பொருத்தலாயினர். நான் குனிந்து பார்த்த பழைய ஜீப் ஒன்றில் நடுத்தகடு உட்குழிந்திருந்தது. மேலேயிருந்த பெட்டியில் கீறல்கூட இல்லை.