வணிகக் கல்வி யார் பொருட்டு?

பாடசாலைகளில் வணிகக் கல்வியை நவீனப்படுத்தல் வேண்டும் என்ற குரல் இன்று பல திசைகளிலிருந்தும் எழுகின்றது. சந்தைப்படுத்தல், முயற்சியாண்மை, கணினிக் கணக்கீடு என்பன போன்ற சொற்கள் கல்வியாளர் நாவிலும் பெற்றோர் நாவிலும் பயில்கின்றன. புதியன புகுதல் நன்றே. ஆயினும், எதைப் புதிதாகக் கற்பிப்பது என்று வினவுமுன், இக்கல்வி இதுவரை யார் பொருட்டுக் கற்பிக்கப்பட்டு வந்தது என்று வினவுதல் முறையாகும். கொழும்பின் வரலாறே அதற்கு விடை தரும்.

கொழும்பில் தமிழில் வணிகம் கற்பித்த முதற் கூடங்கள் பாடசாலைகள் அல்ல. செட்டியார் தெருவிலும் அதனைச் சூழ்ந்த புறக்கோட்டைப் பகுதியிலும் இருந்த வட்டிக்கடைகளும் அரிசிக் கிட்டங்கிகளுமே அவை. நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் பிள்ளை இளமையிலேயே எண்சுவடியை மனனஞ் செய்தான். வட்டியை மனக்கணக்காற் கூறப் பயின்றான். பின்னர் பெட்டியடிப் பையனாகக் கடையில் அமர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைகளிற் கடல் கடந்து சென்று முதலாளாகத் திரும்பினான். பேரேடு எழுதுதல், ஐந்தொகை எடுத்தல், கடன் கேட்டு வந்தவனின் நாணயத்தை எடைபோடுதல் ஆகிய அனைத்தையும் அவன் தொழிலிலேயே கற்றான். செயலும் அறிவும் அங்கே பிரிந்திருக்கவில்லை.

ஆனால் அக்கல்வியின் கதவு குலத்தாலும் குடும்பத்தாலும் பூட்டப்பட்டிருந்தது. பெண்ணுக்கு அங்கே இடமில்லை. வேற்றுச் சாதியானுக்கும் இல்லை. மூட்டை சுமந்த கூலியாள் அதே கிட்டங்கியில் முதுமையடைந்தாலும் பேரேட்டின் ஒரு பக்கத்தையேனும் புரட்டும் உரிமை பெற்றானில்லை. 1925ஆம் ஆண்டளவில் செட்டியாரின் கடன் வாணிகம் நெருக்கடிக்குள்ளாகி, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் மேலும் தளர்ந்தபோது, அந்த அறிவும் அவர்களோடு சுருங்கியது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு, சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் ஆராய்ந்து, அந்நிய வங்கிகளின் ஆதிக்கத்தில் இலங்கையர் கடன் பெற வழியின்றி இருந்த நிலையை எடுத்துரைத்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. நாட்டுக்கு வங்கி கிடைத்தது. ஆயின் வணிக அறிவை மக்களுக்குப் பொதுவாக்கும் பணி எஞ்சியே நின்றது.

இரண்டாவது கூடம் ஆங்கிலம் பேசிற்று. கொட்டாஞ்சேனையில் 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ற் கல்லூரி முதலாகத் தலைநகரில் எழுந்த ஆங்கிலப் பாடசாலைகள் நடுத்தர வர்க்கத்தின் பிள்ளைகளை உத்தியோகத்துக்கு ஆயத்தஞ் செய்தன. பாடசாலை விட்டோர் பிட்மன் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் பயின்றனர். லண்டன் வர்த்தகச் சம்மேளனத்தின் பரீட்சைகளுக்குத் தோற்றினர். வெள்ளவத்தையில் காலி வீதியை அண்டி வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அச்சான்றிதழ்கள் சீதனத்துக்கு நிகரான செல்வமாயின. இக்கல்வியின் கதவு சாதியாற் பூட்டப்படவில்லை. கட்டணத்தாலும் மொழியாலும் பூட்டப்பட்டிருந்தது.

அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இக்கல்வி வணிகரை உருவாக்கவில்லை. வணிகரின் எழுதுவினைஞரையே உருவாக்கிற்று. 1883ஆம் ஆண்டு முதற் கொழும்பிலே தேயிலை பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டு வருகின்றது. ஏகாதிபத்தியக் காலத்தில், கோட்டையில் இருந்த முகவர் நிறுவனங்களில் அமர்ந்து அத்தேயிலையின் நிறையையும் விலையையும் பிழையின்றிப் பதிந்தவர்களுள் நம்மவர் பலர். அவ்விலையை நிர்ணயிப்பவர் யார், கொழுந்து பறித்த பெண்ணுக்கு அதில் எத்துணை சேர்கின்றது என்னும் வினாக்களுக்கு அவர்கள் கற்ற நூல்களில் இடமில்லை. பிறர் செல்வத்தைச் செம்மையாக எண்ணுதலே கல்வி எனப்பட்டது.

இவ்விரு கூடங்களுக்கும் வெளியே மூன்றாமவன் ஒருவன் நின்றான். புங்குடுதீவு, காரைநகர் போன்ற ஊர்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்த கடைப்பையன் அவன். கடை திறக்குமுன் கூட்டி, கடை சாத்திய பின் அதே நிலத்திற் பாய் விரித்துப் படுத்தவன். அவர்களுட் சிலர் பின்னாளிற் கடை உடைமையாளராயினர். அவர்களின் வெற்றிக் கதைகளை நாம் விரும்பிக் கூறுகிறோம். பலர் தராசின் முன்னேயே இளமையைக் கழித்து வெறுங்கையோடு ஊர் திரும்பினர். அவர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

மூன்றாவது கூடத்தின் கதவை மக்கள் இயக்கமும் சட்டமும் சேர்ந்து திறந்தன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தாய்மொழிப் போதனை ஆரம்ப வகுப்புகளிலிருந்து படிப்படியாக மேலேறியது. அரசு கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. வணிகமும் கணக்கியலும் தமிழிற் பாடங்களாயின. கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் மகளும் வெள்ளவத்தை எழுதுவினைஞரின் மகனும் ஒரே பாடத்தை ஒரே மொழியிற் கற்கும் நிலை தோன்றியது. நம் வரலாற்றில் இதற்கு முன் நிகழாத வெற்றி இது. அதனைக் குறைத்து மதிப்பிடுவோர் மக்களுக்கு நண்பரல்லர்.

செட்டியார் கடையில் வழங்கிய பேரேடும் ஐந்தொகையும் அப்போது பாடநூலுள் நுழைந்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இருப்புநிலைக் குறிப்பு என்று எழுதியதை நாம் நெடுங்காலம் ஐந்தொகை என்றே எழுதினோம். இப்போது சர்வதேச நியமங்களைத் தழுவி நிதிநிலைமைக் கூற்று என்கிறோம். சொல் மாறுவதில் தவறில்லை. ஆனால் கடையிலிருந்து சொல் வந்த வேளையில் கடையின் அனுபவம் உடன் வரவில்லை. மாணவன் கற்பனை வியாபாரி ஒருவனின் கொள்வனவைப் பதிகின்றான். தன் தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரர் எவ்வட்டிக்குக் கடன் வாங்கினார் என்பதை அறியான்.

இக்குறையைக் களைய ஒரு முயற்சி நடந்ததுண்டு. 1971ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சியை அடுத்து, 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் பிரதேசத் தொழில்களோடு இயைந்த தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் போதாமையும் கருவிகளின் பற்றாக்குறையும் அதனை நலிவித்தன. தம் பிள்ளைக்கு இரண்டாந்தரக் கல்வி தரப்படுகின்றது என்ற ஐயம் பெற்றோரைப் பற்றியது. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத சீர்திருத்தம் நிலைக்காது என்பது அதன் பாடம்.

அதே ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிப் பொருள்கள் கடைகளை நிரப்பின, விளம்பரம் பெருகியது, சந்தைப்படுத்தல் மதிப்புமிக்க கல்வியாயிற்று. ஆறு ஆண்டுகள் கழிந்து, 1983 ஜூலையில், புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகள் எரியூட்டப்பட்டன. பல்லாண்டு உழைப்பும் அதனைப் பதிந்த பேரேடுகளும் சாம்பராயின. வணிகம் அரசியலுக்கு அப்பாற்பட்ட தனித்துறை என்று கற்பித்த கல்வி அந்நாளிற் பொய்த்தது. சட்டத்தின் முன் சமத்துவமும் இனங்களிடையே நீதியும் இல்லாத நாட்டில் எந்த ஐந்தொகையும் உறுதியானதன்று.

அவ்வாறாயின் நவீனப்படுத்தல் என்பது யாது? விற்கும் கலையை மட்டும் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புகட்டுதல் அதுவாகாது. வகுப்பிலிருக்கும் நாற்பது பேரும் முதலாளிகளாகப் போவதில்லை. ஆனால் நாற்பது பேரும் வாங்குவோர், பெரும்பாலோர் கூலிக்கு உழைக்கப் போகின்றவர். கடை, அலுவலக ஊழியரின் வேலை நேரத்தை வரையறுத்த 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தையும், ஊழியர் சேமலாப நிதியை நிறுவிய 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தையும் வணிக மாணவன் தன் சம்பளச் சீட்டைப் போல வாசிக்கக் கற்றல் வேண்டும். பிள்ளைகளை வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டது ஏன் என்பதைக் கடைப்பையனின் வரலாற்றோடு சேர்த்து உணர்தல் வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எதற்காக அமைக்கப்பட்டது என்று அறிதல் வேண்டும். உலகப்போரின் பங்கீட்டுக் காலத்தில், 1942 முதல், நாடெங்கும் பெருகிய கூட்டுறவுப் பண்டகசாலைகள் எவ்வாறு உணவை மக்களிடம் சேர்த்தன, பின்னர் அவை எவ்வாறு நலிந்தன என்பதும் வணிகப் பாடமே.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. பணவீக்கத்தின் வரைவிலக்கணத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்த பிள்ளைகள் வீட்டில் ஒருவேளை உணவைக் குறைத்துக்கொண்ட காலம் அது. அவ்வரைவிலக்கணத்துக்கும் அவ்வடுப்புக்கும் இடையே உள்ள தொடர்பை விளக்க வல்ல கல்வியே நவீனக் கல்வி.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தம் தெருவின் கடைகளிலே ஓராண்டின் விலைகளைக் குறித்து வரைபடமாக்கவும், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையை வகுப்பில் வைத்து ஆராயவும், கடை ஊழியரை அழைத்து வினவவும் ஓர் ஆசிரியருக்குத் துணிவு வேண்டும்; அத்துணிவுக்கு இடமளிக்கும் பாடத்திட்டமும் வேண்டும். முதற்கூடம் தொழிலறிவைத் தந்து கதவைப் பூட்டியது. இரண்டாவது, சான்றிதழைத் தந்து சிந்தனையைப் பூட்டியது. இலவசக் கல்வி திறந்த கதவு இன்னும் திறந்தே இருக்கின்றது. அதனுள்ளே உழைப்போரின் கணக்கையும் எழுதுவதே நம் தலைமுறையின் கடமை.