மலாயாத் தமிழிலக்கிய ஆய்வும் மின்னூலகங்களும்

தமிழிலக்கிய வரலாற்றில் 1887 ஆம் ஆண்டு நினைந்து போற்றத்தக்க ஓர் ஆண்டாகும். அவ்வாண்டில்தான் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார், சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் கடலுக்கு இப்பால் சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’யும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

தாயகத்தில் பழைய இலக்கியம் ஓலையிலிருந்து தாளுக்கு ஏறிக்கொண்டிருந்த காலத்தில், சிங்கையிலும் மலாயாவிலும் புதிய இலக்கியம் நேரே தாளிலேயே பிறந்தது. ஓலையைச் செல் அரித்தது; செய்தித்தாளோ தானே பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் தன்மையது. ஆகவே ஓலைக்கு நேர்ந்த இடர் தாளுக்கும் நேர்ந்தது. இவ்விடரிலிருந்து இலக்கியத்தைக் காக்க எழுந்த முயற்சிகளின் அண்மைப் படியே இணையவழி நூலகத் தரவுத்தளங்கள் எனப்படும் மின்னூலகங்கள். அவற்றின் வரலாற்றையும், அவற்றைப் பயன்கொள்ளும் நெறியையும் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

செய்தித்தாளில் பிறந்த இலக்கியம்

மலாயாத் தமிழிலக்கியத்தின் பெரும்பகுதி நூல்களில் அன்று, செய்தித்தாள்களிலேயே தோன்றியது. 1924 இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 1935 இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தோற்றுவித்தார். 1950 இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய ‘கதை வகுப்பு’ பல இளைஞர்களை எழுத்துத் துறைக்குக் கொணர்ந்தது. 1952 முதல் 1957 வரை மலாயாவில் தங்கிப் பணியாற்றிய கு. அழகிரிசாமி, தமிழ் நேசன் வாயிலாக இந்நாட்டு எழுத்தாளர்களுக்கு இலக்கியச் சுவையை ஊட்டினார். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளையே எழுத்தாளராக்கிய பெருமையுடையது.

இவ்வாறு எழுதப்பட்டவற்றுள் நூலுருப் பெற்றவை சிலவே. ஒரு நாள் வாழ்வுடைய செய்தித்தாளின் பக்கத்திலேயே பிறந்து, அதனுடனேயே மறைந்த கதைகளும் கவிதைகளும் பல. தமிழ் நேசனும் 2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் பணியை முடித்துக்கொண்டது. எனவே இந்நாட்டு இலக்கியத்தை ஆராய விழைவோர்க்குப் பழைய செய்தித்தாளே சுவடியாகும். அதனைக் காப்பதே பதிப்புப் பணியாகும்.

பட்டியல்களின் காலம்

எவ்விடத்தில் எந்நூல் உள்ளது என்பதை அறியாமல் ஆய்வு தொடங்க இயலாது. இதனை உணர்ந்த ஜான் மர்டாக், அச்சிடப்பட்ட தமிழ் நூல்களை வகைப்படுத்திய பட்டியலொன்றை 1865 இல் வெளியிட்டார். நீரிணைக் குடியேற்றங்களில் 1886 இல் இயற்றப்பட்ட நூற்பதிவுச் சட்டம், அச்சாகும் நூல்களின் படிகளை அரசினிடம் ஒப்படைக்கப் பணித்தது. அப்படிகளுள் ஒன்று இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. ஆட்சியாளர் தம் வசதிக்காகச் செய்த சட்டமேயாயினும், தமிழுக்கு அது காப்பாக அமைந்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயக அடிகளார், தமிழியல் ஆய்வுக்குத் துணையாகும் நூல்களின் கையேட்டினை 1966 இல் வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடிய ஆண்டும் அதுவே. இன்று கணினித் திரையில் ஒரு சொல்லைத் தட்டியதும் விரியும் பட்டியலுக்கு இத்தகைய கையேடுகளே முன்னோடிகள் எனில் மிகையன்று.

நுண்படமும் மின்னுருவும்

பட்டியல் வழியைக் காட்டும். நூலைக் கையில் தராது. அக்குறையை முதற்கண் ஓரளவு நீக்கியது நுண்படச்சுருள். செய்தித்தாளின் பக்கங்கள் சிறு படங்களாகப் பதிவாயின. எனினும் சுருளிருக்கும் நூலகத்தைத் தேடிச் சென்று, கருவியின் முன் அமர்ந்து, நாள்தோறும் சில ஆண்டுகளின் இதழ்களைக் கண் வலிக்கப் புரட்டியாக வேண்டும்.

இணையம் இந்நிலையை மாற்றியது. அதில் தமிழைக் குடியேற்றும் முயற்சியில் சிங்கப்பூர்க்குத் தனியிடமுண்டு. எழுத்தாளரும் ஆசிரியருமாகிய நா. கோவிந்தசாமி அப்பணியில் முன்னின்றார். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு அங்குக் கூடியது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தில் வழங்கிற்று. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டியது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் தன் மின்னூலகத்தை விரிவுபடுத்தியது.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2010 ஆம் ஆண்டளவில் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் வழங்கத் தொடங்கியது. தமிழ் முரசும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கிய மின்மரபுடைமைத் திட்டம், நாட்டின் பொன்விழா ஆண்டாகிய 2015 இல் நிறைவேறியது. பதிப்புரிமை காரணமாகச் சில பக்கங்களை நூலகக் கணினிகளில் மட்டுமே காண இயலும் என்பதையும் மாணவர் மனங்கொளல் வேண்டும்.

இலக்கணமே திறவுகோல்

மின்னூலகம் வந்தபின் தேடுதல் எளிதாயிற்று என்பர். அஃது ஓரளவே உண்மை. தமிழ்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறும். ‘தோட்டம்’ என்று தேடுவோர்க்குத் ‘தோட்டத்தில்’, ‘தோட்டத்தை’ என்பன அகப்படா. ‘தோட்ட’ எனத் தேடினால் சில தளங்களில் அகப்படும். முழுச்சொல்லையே பொருத்திப் பார்க்கும் தளங்களில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே இட்டுத் தேட வேண்டும். ‘பால்மரம்’ பற்றிய கவிதையைத் தேடுவோர் ‘இரப்பர்’, ‘ரப்பர்’, ‘றப்பர்’ ஆகிய அனைத்தையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். மகுதூம் சாயபுவின் பெயரே மகதூம், மக்தூம் எனப் பலவாறு எழுதப்படுகிறது.

அச்சு முறையும் தடையாக நிற்கும். செய்தித்தாளின் குறுகிய பத்தியில் ஒரே சொல் எவ்வித அடையாளமுமின்றி இரண்டு வரிகளில் பிளவுபட்டு நிற்கும். கணினி அதனை இரு சொல்லாகவே கொள்ளும். கால் என்னும் குறியும் ரகரமும் பழைய அச்சில் ஒன்றுபோலத் தோன்றும். தமிழ்நாட்டரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பெருவழக்காயிருந்த துதிக்கை வடிவ ‘லை’, ‘னை’ முதலியவற்றையும் எழுத்துணரும் மென்பொருள் பிழைபடப் படிப்பதுண்டு. படமாக மட்டும் வைக்கப்பட்டுள்ள பக்கங்களிலோ சொல்லைத் தேடவே வழியில்லை. நாள்வாரியாகப் புரட்டிப் படித்தலே வழி.

எனவே புணர்ச்சியும் வேற்றுமையும் அறியாதவன் கையில் இத்தளங்கள் பூட்டிய பெட்டகமே. வகுப்பறையில் கற்பிக்கும் நன்னூற் பாடம் தேர்வுக்கு மட்டுமன்று, இப்பெட்டகத்தைத் திறப்பதற்கும் உரியது என்பதை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்தலாம்.

கிடைக்காதது இல்லாததன்று

மின்னூலகத்தால் விளையும் பெருந்தீங்கு ஒன்றுண்டு. தேடிக் கிடைக்காததை இல்லாதது என்று முடிவு கட்டுவதே அது. சப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை தமிழ் முரசு வெளிவரவில்லை. அதனால் அவ்வாண்டுகளில் அவ்விதழின் தொகுப்பில் ஒன்றும் அகப்படாது. அதுகொண்டு தமிழர் அக்காலத்து ஒன்றும் எழுதிலர் எனல் பொருந்துமா? புனைபெயரில் எழுதினோரை இயற்பெயரால் தேடினும் விடை கிட்டாது. தோட்டப்புறத்து வாசகசாலைகளில் கைம்மாறிக் கைம்மாறி மறைந்த சிற்றிதழ்கள் எத்தளத்திலும் ஏறாதிருக்கலாம்.

‘முதற் சிறுகதை எது?’ என்னும் வினாவே இதற்குச் சான்று. சிங்கை நேசனில் 1888 இல் வெளிவந்த ‘வினோத சம்பாஷணை’யைச் சிங்கப்பூரின் முதற் சிறுகதை முயற்சி எனச் சிங்கை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அவ்விதழ் பாதுகாக்கப்பட்டமையாலன்றோ அம்முடிபு இயன்றது? பாதுகாக்கப்படாத இதழொன்றில் அதற்கும் முந்திய கதை இருந்திருத்தல் கூடும். ஆகவே ‘முதல்’ என்னும் சொல்லை ஆள்வோர், ‘கிடைத்தவற்றுள்’ என்னும் அடையைச் சேர்த்தே ஆளுதல் அறிவுடைமை.

தேடிய கதை கிடைத்தபின்னும் ஒரு கடமை உளது. கதையை மட்டும் வெட்டியெடுத்துக்கொள்ளாது, அது வெளிவந்த பக்கம் முழுவதையும் படித்தல் வேண்டும். அருகிலுள்ள இரப்பர் விலை, கப்பல் வரும் நாள், தொழிற்சங்கச் செய்தி, விளம்பரம் ஆகியவை அக்கதை எழுந்த சூழலை விளக்கும். நூலுருவில் காணவொண்ணாத இவ்விளக்கம் செய்தித்தாள் தரும் கொடையாகும்.

சாமிநாதையர் ஊரூராய்ச் சென்று, வீடு வீடாய்ப் பரண்களில் தேடி ஏடுகளைத் திரட்டினார். இன்றைய மாணவர் இருந்த இடத்திலிருந்தே பல்லாயிரம் பக்கங்களைக் காண்கின்றனர். ஆயினும் மின்னூலகத்திற்கு ஏறாத தாள்கள் இந்நாட்டு வீடுகளில் இன்னும் உள்ளன. பெட்டியடியில் கிடக்கும் பழைய ஆண்டுமலரையும் பள்ளி இதழையும் தேடியெடுத்து, நூலகத்தாரிடம் ஒப்படைக்கும் பணி ஒவ்வோர் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. தேடிப் பெறுவோர் சேர்த்துக் கொடுப்போராகவும் ஆகும்போதே மலாயாத் தமிழிலக்கிய வரலாறு முழுமை எய்தும்.