மெல்லச் சுழலும் அலகு

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் ஒரு சிறு டிரில் விற்கிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே டிரில் இருக்காது. மோட்டார், பல்சக்கரங்கள், இரண்டு பாதியாக வார்த்த பிளாஸ்டிக் உடல், திருகுகள் என்று உதிரி பாகங்கள்தான் கிடக்கும். வாங்கியவரே உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி இரண்டைச் செருகினால் அலகு சுற்றத் தொடங்கும், அதுவும் நிதானமாக. கான்கிரீட் சுவரைக் குடையும் டிரில்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பொம்மையாகத் தெரியும். பிளாஸ்டிக்கில் விமானமும் டாங்கியும் கப்பலும் கட்டுகிறவர்களுக்கோ அந்த நிதானம்தான் தேவை.

அவர்கள் போடும் துளைகளின் அளவைப் பார்த்தால் காரணம் புரியும். 88 மி.மீ. பீரங்கியின் வாய், 35இல் ஒரு பங்காகச் சுருக்கிய டாங்கியில் 2.5 மி.மீ. ஆகிவிடும். அதே டாங்கியில் இருக்கும் 7.92 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியின் குழல் வாய் கால் மில்லிமீட்டர்கூட இராது. இந்த மாடல்கள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏறத்தாழ 100 டிகிரி சூட்டில் அது இளகிவிடும். உலோகத்தைப் போலச் சூட்டைப் பரவவிடுவதும் இல்லை. உராய்ந்த இடத்திலேயே சூடு தேங்கும். வேகமான மின் டிரில்லை வைத்தால் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகி அலகில் சுற்றிக்கொள்ளும். துளை அகன்று, விளிம்பில் மெழுகு வழிந்து உறைந்ததுபோல ஒரு வளையம் நிற்கும். பல நாள் உழைத்துக் கட்டிய மாடல் ஒரு நொடியில் பாழ்.

ஒரு சின்னக் கணக்கு. 1 மி.மீ. அலகு நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுழன்றால் அதன் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 31 மீட்டர் ஓடுகிறது. இரும்பைத் துளைக்க அது சரியான வேகம். விரலால் உருட்டினால் நிமிடத்துக்கு நூறு சுற்று வரும்; விளிம்பு ஓடுவது 30 சென்டிமீட்டர்தான். பாலிஸ்டைரீனுக்கு ஏற்றது இந்த இரண்டாவது வேகம். மின்சாரம் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதக் கை சிறு துளைகளை இப்படித்தான் போட்டுவந்தது.

டிரில்லுக்குத் தமிழில் துரப்பணம் என்று பெயர். கருவியால் போட்ட துளையையும் துளைக்கும் கருவியையும் தமர் என்ற ஒரே சொல் குறிக்கும். பழைய துரப்பணத்தில் அலகு பூட்டிய கட்டை, அதைச் சுற்றிய கயிறு, கயிற்றை இழுக்கும் வில் என்று மூன்று முக்கிய உறுப்புகள். வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கட்டை வலமும் இடமுமாக மாறி மாறிச் சுழலும்.

இதன் பழமைக்குச் சான்று மனிதப் பற்களில் கிடைத்தது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரின் கல்லறைகளில் ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் துளையிட்ட தடம் இருப்பதை 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வயது 7,500 முதல் 9,000 ஆண்டுகள். தீக்கல் அலகு பொருத்திய வில் துரப்பணத்தை அவர்களே செய்து பார்த்தபோது, அப்படி ஒரு துளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மெஹர்கர் மணி செய்த ஊர். மணிக்காரர்களின் கைத்திறன்தான் பல்லுக்கும் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

நிதானத்தின் உச்சம் சிந்துவெளியின் நீண்ட சூதுபவள மணிகள். தொல்லியலாளர் எர்னஸ்ட் மக்கே 1935-36இல் அகழ்ந்த சிந்துவெளி ஊரான சன்ஹுதாரோவில் மணிகளோடு அவற்றைத் துளைத்த கல் அலகுகளும் கிடைத்தன. அந்தக் கல்லுக்கு அவர் நினைவாகவே பிற்காலத்தில் எர்னஸ்டைட் என்று பெயர் வைத்தார்கள். தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் செய்த சோதனைகளில் அந்த அலகு ஒரு மணி நேரத்தில் 2.5 மி.மீ. ஆழம்தான் இறங்கியது. 6 செ.மீ. நீள மணி ஒன்றுக்கு 24 மணி நேரம் வில்லிழுக்க வேண்டும். 12 செ.மீ. மணிகளும் கிடைத்திருக்கின்றன. இரு முனையிலிருந்தும் துளைத்து வந்து நடுவில் சந்திக்க வைத்தார்கள். சற்றுக் கோணினாலும் அத்தனை நாள் வேலையும் வீண்.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இந்தத் தொழில் இன்னொரு படி ஏறியது. அங்குக் கிடைத்த மணிகளின் துளைக்குள் சிலிக்கோனை ஊற்றி அச்செடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் லெனார்ட் கோரலிக், ஜான் குவினெட் என்ற இருவர். இருவருமே பல் மருத்துவத் துறையினர். பல்லுக்கு அச்செடுக்கும் பழக்கம் மணிக்குக் கைகொடுத்தது. துளையின் சுவரில் ஒழுங்கான வளைய வரிகள் இருந்தன. வைர முனை கொண்ட அலகின் தடம் அது. இரும்புக் கம்பியின் நுனியில் இரண்டு வைரத் துணுக்குகளைப் பதித்து வில்லால் சுழற்றும் முறை குஜராத்தின் கம்பாத்தில் நம் காலம்வரை வந்திருக்கிறது.

மணியிலிருந்து மாடலுக்கு வருவோம். நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சு வீரர்களை அடைக்க, இங்கிலாந்தில் பீட்டர்பரோவுக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797இல் ஒரு முகாம் திறந்தார்கள். சமையலில் மிஞ்சிய மாட்டெலும்பையும் ஆட்டெலும்பையும் கைதிகள் வேகவைத்துச் சீவி, பலகையாக்கிக் கப்பல் கட்டினார்கள். ஒவ்வொரு எலும்புப் பலகையிலும் நுண்ணிய துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டால் அடித்து இறுக்கினார்கள். செய்ததை முகாம் வாசல் சந்தையில் விற்றார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் அவர்கள் கைவேலையைப் பார்க்கலாம். ஒரு கப்பலில் நூற்றுக்கணக்கான துளைகள். எலும்பு சிறிது வெடித்தாலும் பலகை போய்விடும் என்பதை நினைத்தால், அந்தக் கைகளின் பொறுமை நெஞ்சைத் தொடுகிறது.

அதே காலத்தில் கடிகாரக்காரர்கள் குதிரைமயிர் கட்டிய குட்டி வில்லால் பித்தளைத் தகட்டைத் துளைத்தார்கள். மாடல் கட்டுவோரின் இன்றைய தலையாய கருவிக்குப் பெயர் கொடுத்ததும் அவர்கள் தொழில்தான். மெல்லிய ஊசியையும் கம்பியையும் பிடித்து அராவுவதற்கு அவர்கள் வைத்திருந்த பேனா அளவுக் குறட்டுக்குப் பின் வைஸ் என்று பெயர். அதில் ஊசிக்குப் பதில் அலகைச் செருகியபோது விரலால் சுழற்றும் டிரில் பிறந்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மரத்தகட்டை மயிரிழை ரம்பத்தால் பூவேலையாக அறுக்கும் பொழுதுபோக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு பரவியது. இங்கிலாந்தில் ஹாபீஸ் என்ற வார இதழே 1895இல் தொடங்கியது. ரம்பத்தை உள்ளே நுழைக்க முதலில் ஒரு துளை வேண்டுமே? அதற்கு வந்தது ஆர்க்கிமிடியன் டிரில். முறுக்கிய கம்பியின் மேல் ஒரு பிடியை மேலும் கீழும் தள்ளினால் கம்பி சுழலும். நீர் இறைக்கும் ஆர்க்கிமிடிஸ் திருகின் சாயல் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வில்லைப் போலவே இதுவும் இருபுறமும் சுழலும். அதற்கேற்ப இருபுறமும் வெட்டும் தட்டை அலகுதான் இதில் போடுவார்கள்.

இருபுறச் சுழற்சியின் காலத்தை முடித்துவைத்தது ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறுக்கு அலகு. சீவலைத் தானே வெளியே ஏற்றும் அந்த அலகு ஒரு பக்கம் மட்டுமே வெட்டும். 1868இல் தொடங்கிய மில்லர்ஸ் பால்ஸ் போன்ற நிறுவனங்களின் கைச்சக்கர டிரில், மாறாமல் ஒரே திசையில் சுழன்று அதற்குத் தோதாக அமைந்தது. பின் வைஸிலும் முறுக்கு அலகு நன்றாகப் பொருந்திற்று. விரலை முன்னே உருட்டினால் வெட்டும். பின்னே உருட்டினால் சீவல் உதிரும். மாடல்காரர்கள் இன்றும் 61 முதல் 80 வரை எண்ணிட்ட இருபது அலகுகளைத் தொகுப்பாக வாங்குகிறார்கள். 61ஆம் எண் 0.99 மி.மீ.; 80ஆம் எண் 0.34 மி.மீ. எண் ஏற ஏற அலகு மெலியும்.

வேகத்துக்கான ஓட்டம் பல் மருத்துவரின் அறையில் தொடங்கியது. ஜேம்ஸ் மோரிசன் 1871இல் காலால் மிதிக்கும் பல் டிரில்லுக்கும், ஜார்ஜ் கிரீன் 1875இல் மின்சாரத்தில் ஓடும் பல் டிரில்லுக்கும் காப்புரிமை பெற்றார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவின் ரசீன் நகரில் தொழில் நடத்திய ஆல்பர்ட் டிரெமல், 1930களில் கையடக்க மின்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். டிரெமல் என்பது இன்று அந்த வகைக் கருவிக்கே பொதுப்பெயர்போல் ஆகிவிட்டது. அதன் இன்றைய வகைகளில் பல, நிமிடத்துக்கு 5,000 சுற்றில் தொடங்கி 35,000 வரை போகும். மரத்துக்கும் உலோகத்துக்கும் அருமையான கருவி.

ஆனால் அதற்குள் மாடலின் பொருளே மாறிக்கொண்டிருந்தது. பிரிட்டனின் ஏர்பிக்ஸ் 1952இல் கோல்டன் ஹைண்ட் கப்பலைப் பாலிஸ்டைரீனில் வார்த்து, உல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. தமியாவும் 1946இல் மரக் கம்பெனியாகத் தொடங்கி, மர மாடல்கள் செய்து, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்குக்கு மாறியது. மரத்துக்குப் பழகிய மின்கருவி பிளாஸ்டிக்கில் தோற்றது. மிகக் குறைந்த வேகமான 5,000 சுற்றுகூட அதற்கு அதிகம்.

மாடல் ரயில்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். அவர்களுடைய ரயில் 12 வோல்ட்டில் ஓடுவது. 12 வோல்ட் சிறு டிரில்லை ரயில் கன்ட்ரோலரில் மாட்டி வேகத்தைக் குறைத்தார்கள். இதில் ஒரு குறை உண்டு. வோல்ட்டைக் குறைத்தால் வேகத்தோடு முறுக்குவிசையும் குறையும். அலகு பொருளைக் கடித்ததும் மோட்டார் நின்றுவிடும். பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்தால் விசை கூடும். தமியாவின் உதிரி பாகப் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் இருப்பது அதற்காகத்தான். விலை மலிவான அந்தக் கருவியைச் செய்தவர்கள் பிளாஸ்டிக்கை நன்றாக அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

அப்படியும் பின் வைஸ் ஓய்வு பெறவில்லை. தமியாவே 0.1 முதல் 3.2 மி.மீ. வரை அலகு பிடிக்கும் பின் வைஸை விற்கிறது. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த அலகு சற்றுச் சாய்ந்தாலே ஒடிந்துவிடும். ஒடியப் போவதை விரல்தான் முதலில் உணரும், மோட்டாருக்கு அது தெரியாது.

மாடல் கட்டத் தொடங்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் ஒரு பின் வைஸும் 1 மி.மீ. அலகு இரண்டும் வாங்கிக் கொடுங்கள். துளைக்க வேண்டிய இடத்தில் ஊசியால் ஒரு புள்ளி குத்தி, அதன்மேல் அலகை நிறுத்தி, அழுத்தாமல் உருட்டச் சொல்லுங்கள்.